இரண்டு காலுக்கும் சேர்த்து உழைத்த கால்

கேள்வி: எனக்கு 58 வயது. மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். டெய்லர். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தபோது எங்கள் ஊரில் ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் வலது கால் தொங்கிவிட்டது. போலியோ என்றார்கள். பத்தாம் வகுப்பு வரை காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்டேன். அப்புறம் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வலது தொடையில் கையை ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டேன். புதுமண்டபத்தில் 30 வருடத்துக்கு மேல் இடது காலால் மெஷின் மிதித்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். இப்போது கடை குன்னத்தூர் சத்திரத்தில். இரண்டு வருடமாக அந்த இடது கால் சாயங்காலமானால் கனக்கிறது. தொடை இளைத்திருக்கிறது. ராத்திரியில் சதை துடிக்கிறது. இரண்டு முறை விழுந்துவிட்டேன். டாக்டரிடம் போனால் வயது என்கிறார். மைத்துனர் சொன்னார் என்று தெப்பக்குளத்தைக் காலையில் மூன்று சுற்று நடந்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. "நாலு துணி தைப்பதற்குள் படுத்துக்கொள்கிறீர்களே" என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள். போலியோ திரும்ப வருமா? பேரனுக்கு ஒன்றரை வயது. தூக்கவே பயமாக இருக்கிறது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், செய்துகொள்ளலாமா? மறுபடியும் காலிப்பர் போடச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம்.

பதில்: ஐயா, முதலில் பேரனைத் தூக்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு தூக்குங்கள். அது உங்கள் கால்களுக்காகச் சொல்வது. பேரனுக்கு உங்களால் ஒரு ஆபத்தும் கிடையாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்த சில வாரங்களிலேயே அந்தக் கிருமி உங்கள் உடம்பை விட்டுப் போய்விட்டது. ஐம்பத்தாறு வருடமாக அது உங்களிடம் இல்லை. இல்லாத ஒன்று யாருக்கும் தொற்றாது. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சில் நம் நாட்டை போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். ஆனாலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் இருக்கிறது என்பதால் பேரனுக்குச் சொட்டு மருந்தும் போலியோ ஊசியும் அட்டவணைப்படி போட்டாயிற்றா என்று மட்டும் பெண்ணிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போலியோ திரும்ப வரவில்லை, சரி. அப்படியானால் என்னதான் நடக்கிறது? கடிதத்தில் நீங்கள் சொல்லியிருப்பதைப் பார்த்தால், போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்து வரும் தளர்ச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இதை போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்பார்கள். போலியோவில் பிழைத்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 40 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் 15 வருடம் முதல் 40 வருடம் வரை கழித்து வரும், உங்களைப் போல அதற்கும் மேல் கழித்தும் வரலாம். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1875-லேயே பிரான்சு மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சின்ன வயதில் போலியோ வந்து, வளர்ந்த பிறகு கடுமையான உடலுழைப்பில் இருந்தவர்களுக்குப் புதிதாகத் தசை இளைப்பதைப் பார்த்து, அளவுக்கு மீறிய உழைப்புதான் காரணமோ என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு தெருவில் பத்து டெய்லர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ராத்திரியில் ஐந்து பேர் போய்விட்டார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் துணியோடு தெருவில் நிற்கிறார்கள். மிச்சமிருக்கும் ஐந்து பேரும் தங்கள் துணியோடு அந்தத் துணியையும் வாங்கித் தைக்க ஆரம்பிக்கிறார்கள். தெருவுக்கு வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் பழையபடிதான் தெரியும், துணி நேரத்துக்குக் கிடைத்துவிடும். ஆனால் உள்ளே அந்த ஐந்து பேருக்கும் வருடம் முழுக்கத் தீபாவளிக்கு முந்தின வாரம்தான். ஐம்பது வருடம் அப்படித் தைத்தால் ஒருநாள் கை ஓயுமா ஓயாதா?

போலியோ கிருமி தாக்குவது தசையை இல்லை. தண்டுவடத்தின் முன்பக்கத்தில், தசைகளை ஆட்டிவைக்கும் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் கொல்கிறது. செத்த செல் திரும்ப முளைக்காது. ஆனால் பிழைத்த செல்கள் புதுக் கிளை விட்டு, அநாதையாய் நின்ற தசை நார்களைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. போலியோ வந்த குழந்தைகள் சில மாதங்களில் ஓரளவு தேறியதற்கு இதுவும் ஒரு காரணம். பல மடங்கு சுமையோடு ஐம்பது வருடம் ஓடிய அந்தச் செல்கள், அன்று விட்ட கிளைகளை இப்போது ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. ராத்திரியில் சதை துடிப்பதும் தொடை இளைப்பதும் பெரும்பாலும் அதனால்தான்.

"கெட்டது வலது கால், இளைப்பது இடது காலாக இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் வருகிற எல்லோரும் கேட்பார்கள். ஒரு தசைக்குப் போகும் நரம்பு செல்களில் பாதி போனால்கூட அந்தத் தசை வெளியே நன்றாகத்தான் இருக்கும். அந்தக் காய்ச்சலில் உங்கள் இடது காலும் அடி வாங்கியிருக்கலாம், வலது கால் தொங்கியதைப் பார்த்த பதற்றத்தில் யாருக்கும் அது தெரியாமல் போயிருக்கலாம். அந்தக் காலைத்தான் "நல்ல கால்" என்று பெயர் சூட்டி, நிற்பதற்கும், படி ஏறுவதற்கும், பஸ்ஸில் தாவுவதற்கும், நாள் முழுக்க மெஷின் மிதிப்பதற்கும் முன்னே நிறுத்தியிருக்கிறோம். அது உங்களை ஏமாற்றவில்லை, ஐயா. இரண்டு காலுக்கும் சேர்த்து உழைத்துக் களைத்திருக்கிறது.

தெப்பக்குள நடைக்கு வருவோம். உங்கள் மைத்துனர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். சர்க்கரைக்காரருக்கும் ரத்த அழுத்தக்காரருக்கும் நல்ல யோசனைதான் அது. உங்கள் தசைக்குக் கணக்கு வேறு. இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இயன்முறை சிகிச்சையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போலியோ வந்த ஒரு அம்மா கால் தளர்ச்சி என்று வந்தார். பலமில்லாத தசைக்குப் பலம் ஏற்ற வேண்டும் என்று மட்டுமே தெரிந்த வயது எனக்கு. காலில் மணல் மூட்டை கட்டித் தூக்கச் சொன்னேன். வலிக்கிறது என்றார், வலித்தால்தான் பலம் ஏறும் என்றேன். ஒரு மாதத்தில், கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறி வந்துகொண்டிருந்தவரை இரண்டு பேர் தாங்கி அழைத்து வந்தார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படித்தேன். இன்றைக்கும் போலியோ வந்த ஒருவர் "முக்கி முக்கிப் பயிற்சி செய்கிறேன்" என்று சொன்னால் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வரும்.

அதற்காக அசையாமல் கிடக்கவும் கூடாது. படுத்தே இருந்தால் மிச்சமிருக்கும் தசையும் போகும், மூட்டும் இறுகும். சரியான அளவை உங்கள் உடம்பே சொல்லும். இன்று செய்த வேலையின் அசதியோ வலியோ நாளைக் காலையில் எழும்போதும் இருந்தால் இன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், நாளைக்கு அதில் பாதி போதும். ராத்திரி துடிப்பு அதிகமானாலும் அதே கணக்குதான். இரண்டு மூன்று நிமிடம் பயிற்சி, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம் என்று விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். எந்தத் தசைக்குப் பயிற்சி, எதற்கு ஓய்வு என்பதைத் தசை தசையாகச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எடை ஏதும் கட்டாமல் காலைத் தானாக முழுதும் தூக்க முடிகிற தசைக்கு மட்டும்தான் பலம் ஏற்றும் பயிற்சி. அதுகூட முடியாத தசையை வருத்தக் கூடாது.

உங்கள் முதல் வேலை, மெஷினுக்கு மோட்டார் மாட்டுவது. இதை நான் மருந்துச்சீட்டில் முதல் வரியாக எழுதுவேன். மிதிக்கும் பலகையை இன்றோடு விட்டுவிடுங்கள். மோட்டாரின் மிதி சுவிட்சை லேசாக அழுத்தினால் போதும், அதுவும் கஷ்டமென்றால் முழங்கால் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி அமைத்துத் தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷின் தரும் அரசுத் திட்டமும் இருக்கிறது. துணி வெட்டுவதையும் அயர்ன் செய்வதையும் நின்றுகொண்டு செய்கிறீர்களா? உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கி அதில் உட்கார்ந்து செய்யுங்கள். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது வெட்டுகிற வேலை, பிற்பகலில் காஜா, பட்டன், ஹெம்மிங். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படுங்கள். அசந்துபோய் விழுவதற்கு முன்னால் படுப்பதுதான் ஓய்வு, விழுந்த பிறகு படுப்பதை ஓய்வு என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் உங்கள் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை. அம்மா, அவர் சோம்பிப் படுக்கவில்லை. உங்களைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து, மற்றவர்கள் ஒரு பங்கு தெம்பு செலவழித்து நடக்கிற தூரத்தை அவர் அதைவிடக் கூடுதலாகச் செலவழித்து நடந்திருக்கிறார். அதை உங்களுக்குத் தெரியாமல் மறைத்தும் வைத்திருக்கிறார். போலியோ வந்தவர்கள் எல்லோரும் சின்ன வயதில் கற்றுக்கொள்வது அதைத்தான். முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது. இப்போது அவர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார் என்றால், வலி அவ்வளவு இருக்கிறது.

சரி, காலிப்பர். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்துக் காலிப்பர் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் தோல் பட்டை, கீழே கனத்த பூட்ஸ். மழையில் நனைந்தால் நாறும், வெயிலில் தோல் உரியும், பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். பரணில் தூக்கிப் போட்ட அந்த நாள் உங்களுக்கு விடுதலை நாளாகத்தான் இருந்திருக்கும். அதை மறுபடி மாட்டச் சொன்னால் தோற்றுவிட்டதாகத் தோன்றத்தான் செய்யும்.

ஆனால் இப்போது வருவது அது இல்லை. காலின் அச்செடுத்து பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். பேன்ட்டுக்குள், செருப்புக்குள் அடங்கிவிடும். எடை பழையதை விட மிகவும் குறைவு. பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வந்து, காலை முன்பக்கமாகத் தாங்குகிற ஒரு வகை இருக்கிறது. பாதம் தரையில் ஊன்றும்போது அது முழங்காலைப் பின்னால் தள்ளி நிறுத்தும். தொடையில் கை ஊன்றி நடப்பவர்களில் சிலருக்கு அது ஒன்றே போதும், கை விடுதலை ஆகிவிடும். உங்களுக்கு அது போதுமா, தொடை வரைக்கும் வேண்டுமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாற்பது வருடமாகக் குனிந்து தொடையை அழுத்தியதில் முதுகும் மணிக்கட்டும் தோளும் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அங்கேயும் வலி இருக்கும் என்று நினைக்கிறேன்.

காலிப்பர் அளவெடுக்கப் போகும்போது இரண்டு விஷயங்களை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வலது முழங்கால் நிற்கும்போது கொஞ்சம் பின்பக்கமாக வளையும் என்றால், அதை முழுக்க நேராக்கிவிட வேண்டாம். அந்த வளைவுதான் உங்கள் முட்டியின் பூட்டு. அனுபவம் இல்லாத கை அதை நேராக்கினால், நிற்கும்போதே முட்டி மடங்கிக் கீழே விழுவீர்கள். இன்னொன்று, குட்டையான காலுக்குச் செருப்பின் அடியில் கட்டை வைக்கும்போது முழு உயரத்துக்கும் வைக்கக் கூடாது. ஒரு சென்டிமீட்டராவது குறைத்து வைத்தால்தான் பலமில்லாத கால் தரையில் உரசாமல் முன்னே வரும்.

ஊன்றுகோல் வேண்டாம் என்று அடம் பிடிக்காதீர்கள். இரண்டு முறை விழுந்தாயிற்று. போலியோ வந்த காலின் எலும்பு சின்ன வயதிலிருந்தே சரியாகப் பாரம் தாங்காததால் மெலிந்திருக்கும், லேசான விழுதலே முறிவில் கொண்டுபோய் விடும். எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி-யையும் பார்த்துவிடுங்கள். குளியலறையில் ஸ்டூலும் சுவரில் கைப்பிடியும், மேற்கத்திய பாணிக் கழிப்பறையும், ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கும் இந்த மாதமே வேண்டும். கடைக்கு பஸ்ஸில் ஏறி இறங்குவதை நிறுத்துங்கள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், கால் பாதித்தவர்களுக்கு அரசே தருகிறது. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மெஷினுக்கும் ஸ்கூட்டருக்கும் சேர்த்தே மனுக் கொடுங்கள். உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் சதவீதம் எப்போதோ வலது காலை மட்டும் பார்த்துப் போட்டதாக இருக்கும். இடது காலும் தளர்ந்திருக்கிறது என்பதால் மறுமதிப்பீடு கேட்கலாம்.

இனி, "வயது" என்று சொன்ன டாக்டரிடம் மறுபடி போக வேண்டியிருக்கிறது. இந்தத் தளர்ச்சியை இதுதான் என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, முதுகெலும்பில் நரம்பு அழுந்துவது, இவை ஒவ்வொன்றும் இதே மாதிரி அசதியையும் தளர்ச்சியையும் தரும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து உண்டு, அதனால்தான் விட்டுவிடக் கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், சிலருக்கு அது தசையை வலிக்கவைக்கும். பலமாகக் குறட்டை விடுவீர்கள், காலையில் தலைவலியோடு எழுவீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்ப்பார்கள். சாப்பிடும்போது புரையேறுவது அடிக்கடி நடந்தால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள். பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டினால் தேவைப்பட்டால் நரம்பு, தசைகளின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனையும் செய்வார்கள்.

நரம்பு ஊசி, ஸ்டெம் செல், பாட்டில் பாட்டிலாக எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள். இந்தத் தளர்ச்சியைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பி12 குறைவாக இருந்தால் பி12 ஊசி பலன் தரும், இல்லாவிட்டால் தராது. மெதுவாக எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது சுகம்தான், போலியோ வந்த கால் மார்கழியில் ஐஸ் மாதிரி ஆகிவிடுமே, அதற்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்து நகையை அடகு வைத்துவிடாதீர்கள். இது மெல்ல நகரும் நோய். வருடக் கணக்கில் அப்படியே நிற்பதும் உண்டு. வேலையை மாற்றி அமைத்துக்கொண்டு, சரியான காலிப்பரும் போட்ட பிறகு விட்ட தெம்பில் கொஞ்சத்தைத் திரும்பப் பெற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் அறுவைச் சிகிச்சை செய்பவரிடம் மட்டும் சொன்னால் போதாது, மயக்க மருந்து கொடுப்பவரை முன்கூட்டியே நேரில் பார்த்து "எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது, இப்போது புதிதாகத் தளர்ச்சி இருக்கிறது" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். போலியோ வந்தவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் தூக்க மருந்தும் கொஞ்சம் கொடுத்தாலே அதிகமாக வேலை செய்யலாம், தெளிய நேரம் பிடிக்கும். ஆபரேஷன் தியேட்டர் குளிரும், கம்பளி கேளுங்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாலும் ஓரிரவு தங்கிவிட்டு வாருங்கள்.

கடைசியாக அந்த ஊசி. உங்கள் அப்பா அம்மா அதை நினைத்து எத்தனை வருடம் தங்களை நொந்துகொண்டார்களோ! கிருமி உடம்பில் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்தக் காலில் வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், மருத்துவம் அதை அறிந்திருக்கிறது. ஆனால் காய்ச்சலே அந்தக் கிருமியால் வந்தது. ஊசி போடாமலே கால் போன பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். நம் நாட்டில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 1978-ல்தான், நீங்கள் அதற்குப் பத்து வருடம் முன்னால் பிறந்தவர். ஊசி நரம்பிலேயே பட்டு வாதம் வருவதும் தனியாக உண்டு, அதில் பாதம் மரத்துப்போயிருக்கும். வலது பாதத்தில் தரையின் சூடும் குளிர்ச்சியும் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது போலியோவாகத்தான் இருக்கும், போலியோ உணர்ச்சியைத் தொடாது. தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி அது, நான் மேலே சொன்னதில் பாதியை மறுபடி யோசிக்க வேண்டிவரும்.

காலிப்பர் அளவெடுக்கப் போகும்போது நீங்கள் தினமும் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், புதுச் செருப்பு வேண்டாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் நடையில் பாதி தெரிந்துவிடும். பரணில் இருக்கும் பழைய காலிப்பரையும் பெண்ணை விட்டு இறக்கி எடுத்துப் போங்கள். மாட்டிக்கொள்வதற்கு இல்லை. பள்ளிக்கூட வயதில் உங்கள் எந்தத் தசைக்குத் தாங்கல் கொடுத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பது அதன் பட்டைகள் இருக்கும் இடத்திலேயே எழுதியிருக்கும்.